கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாயே

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் "நல்லா இருக்கேன்மா, வகுப்புக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அக்காவின் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, பின்பக்கமாகத்தான் போகிறது. அது மாமியார் வீட்டு வழி என்று சொல்லி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் மட்டும் வலிப்பதே இல்லை.

உன் பல்கலைக்கழகம் உன் வகுப்புகளைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறதே, நாங்கள் ஒன்று விடாமல் பார்க்கிறோம் என்று உனக்குத் தெரியாது. ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் "புள்ள எழுத்து எவ்வளவு நேரா போகுது பாரு" என்று அப்பா பூரித்துப்போவார், நான் மாடிவீட்டு டெய்லரம்மாவையும் இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைப்பேன். போன வாரமும் அப்படித்தான். பாதிக் கணக்கில் கரும்பலகைப் பக்கம் திரும்பினவன் திரும்பினபடியே நின்றுவிட்டாய். சாக்பீஸ் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "பெரிய கணக்கு போல, யோசிக்கிறாரு" என்றாள் டெய்லரம்மா. ஊர் வாயையெல்லாம் அடைக்கிற நான், "ஆமா, பெரிய கணக்குதான்" என்று தலையாட்டி வைத்தேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு "மன்னிச்சுக்கோங்க, சரியா தூங்கல" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மணி அடிக்கிறவரை நடத்தினாய். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை, எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். இரண்டு பேர் வகுப்பை உன் தலையில் கட்டி, அடுத்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று அவர்கள் இழுத்தடிப்பது எனக்குத் தெரியும். நீ ஏன் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாய் என்பதுதான் தெரியாமலிருந்தது. அப்பா சொன்னார், "உன் வாய்க்குப் பயந்துதான். புரொபசரைப் பெத்தவன்னு தெரு பூரா பீத்திக்கிட்டியே, அவன் எந்த முகத்தோட திரும்பி வருவான்?" அதனால் நேற்றுக் காலை மாடியேறி, என் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வரப்போகிறான் என்று டெய்லரம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னது தபாலைவிட வேகமாகப் போகும். தெருவுக்கே தெரிந்தாயிற்று, யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை. இனி நீ வந்தால் போதும்.

நோய்நொடியில்லாமல் நிம்மதியாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு. அறையைக் காலி செய்யும்போது கம்பளிப் போர்வையை மறந்துவிடாதே. காலி செய்ய மனம் வராவிட்டாலும் பரவாயில்லை கண்ணு, இன்றைக்கு அதைப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் வாயாடி அம்மா