ஜமீலாவின் கோட்டில் என் புள்ளிகள்

1996 ஐப்பசி, வியாழன். மழை.

பாக்டீரியா தன் சவ்வு வழியே கால்சியத்தை வெளியே தள்ளும்போது பதிலுக்குப் புரோட்டான் உள்ளே வருகிறது என்று ஜமீலா வரைபடம் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் ஆய்வக வழிகாட்டி சார் வாயில் அவள் பேர்தான். ஆராய்ச்சியில் எனக்கு இரண்டு வருஷம் இளையவள். ஆற்றுத் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாயில் ஒட்டியிருந்த கால்சியத்தைத்தான் அளந்திருப்பாள் என்று நம்பினேன். அதை நிரூபிக்க, குழாய்களை அமிலத்தில் கழுவி, அவளுக்குத் தெரியாமல் அதே சோதனையை நானும் செய்து பார்த்தேன். என் புள்ளிகள் அவள் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன.

வரைபடத் தாளைக் கிழிப்பதற்குள் சார் பார்த்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல வந்துருக்கு. இனி ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது."

ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா இருக்குமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்க்கா. எனக்காவ இம்புட்டுப் பாடுபட்டிருக்கியளே!"

ஆமாம் என்று தலையாட்டினேன். அமிலம் பட்ட விரல் இன்னும் எரிகிறது.