உங்கள் அண்ணை வாசிக்கப்போகும் வரி

என் பள்ளிக்கூடக் கோட்டில் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணக்கிறது, சித்தப்பா. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு நேரே டூட்டிங்கில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போய், உங்கள் ஒபிஸுக்குப் போகும் தட்டுகளுக்கு மூடி போட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் கம்பனி இன்னமும் வியாழக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டைத்தான் எடுக்கிறது. அப்பாவும் இன்னமும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்: "என்ர தம்பி ஒரு கம்பனியையே லண்டனுக்குக் கொண்டு வந்தவன்."

ஏன் கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

இதைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் ஃபோன் வெளிச்சத்தைக் கையால் மூடிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் செய்ததைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

பிஸ்னஸ் பாடத்துக்கு நான் கட்டுரை எழுதிய சனிக்கிழமை நினைவிருக்கிறதா? ஒரு நகரத்துக்குக் கம்பனிகள் ஏன் வருகின்றன என்பது கேள்வி. கடையின் மூலை மேசையில் தேத்தண்ணியோடு இருந்தீர்கள். "என்னட்டக் கேள் குட்டி, நான் அந்த மீட்டிங்கில இருந்தனான்" என்றீர்கள்.

உங்கள் ஜெர்மன் கம்பனி புதுக் கிளை திறக்க லண்டனையும் இன்னொரு நகரத்தையும் பார்த்ததாம். மற்ற நகரம் இலவசமாகக் காணி தருவதாகச் சொன்னதாம். சில வருடங்களுக்கு வரியும் இல்லையாம். மேயர் விமான நிலையத்துக்கே பூச்செண்டோடு வந்தாராம். ஆனால் உங்களையும் உங்கள் மார்ட்டினையும் போல ஆணும் ஆணுமாய் வாழ்கிறவர்களைக் குடும்பமாக ஏற்பதில்லை என்று அந்த நகரசபை தீர்மானம் போட்டிருந்தது. எல்லோரும் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்க, நீங்கள் கையைத் தூக்கி ஒன்று கேட்டீர்கள்: "அங்க எனக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரியில ஆர் கையெழுத்துப் போடுறது?"

பிறகு கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, தன் மகனும் அப்படித்தான், தானும் வரமாட்டேன் என்றாளாம். அதற்குப் பிறகு இன்னும் சிலர்.

"உங்கட முதலாளி நல்லவரோ?" என்று கேட்டேன்.

"நல்லவனும் இல்லை, கூடாதவனும் இல்லை. நல்ல வேலைக்காரர் அங்க வரமாட்டினம் எண்டு விளங்கினவன். ஆக்கள் வராத ஊரில காணியை வச்சு என்ன செய்யிறது? ஆடு வளர்க்கிறதோ?"

கல்லாவுக்குப் பின்னால் நின்ற அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "உந்தக் கதையெல்லாம் எழுதாத பிள்ளை. லண்டனில டாக்ஸ் குறைவு, அதால வந்தவை எண்டு எழுது."

நீங்கள் தேத்தண்ணி சிந்தச் சிரித்தீர்கள். "அண்ணை, இஞ்ச டாக்ஸ் குறைவெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? போன மாசம் ஒப்பாரி வச்சது நீங்கள்தானே?"

அப்பா சிரிக்கவில்லை. நான் டாக்ஸ் என்றுதான் எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில், "உண்மையா?" என்று கேட்டிருந்தார். அதை உங்களுக்குக் காட்டவே இல்லை.

அந்த வேலையால்தான் நீங்கள் லண்டன் வந்தீர்கள். அந்த ஒபிஸின் சாப்பாட்டு ஓடரால்தான் பூட்ட இருந்த கடை பூட்டப்படவில்லை. எங்கள் வீட்டுச் சோறு உங்கள் ஒரு கேள்வியில் வந்தது. அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் நீங்கள் போன பிறகு அப்படிச் செய்தார். அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கு நிசமாகவே வருத்தம் வந்தபோது மார்ட்டின்தான் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் அவரை ஒருவரும் ஆர் நீ என்று கேட்கவில்லை. கேட்டது நாங்கள்தான். உங்கள் உடலை எடுப்பதற்கும் அவருடைய கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது. "எங்கட முறைப்படி செய்யட்டோ?" என்று அப்பா கேட்க, அவர் உடனே சம்மதித்தார். உங்கள் நல்ல படத்தையும் அவரே எடுத்துத் தந்தார். அந்தப் படத்தை வாங்கி வந்த அன்றுதான் அப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மரண அறிவித்தலைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வித்தார்.

எங்கள் அறிவித்தல்களில் எல்லோருக்கும் ஓர் இடம் உண்டு என்று நீங்களே கேலி செய்வீர்கள். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், கனடாவில் இருக்கும் இன்னாரின் மைத்துனர், கடைசியில் ஃபோன் நம்பர். மகனுக்குப் பிறகு கணவர் வர வேண்டிய இடத்தில் என் விரல் நின்றது.

"அதில 'திருமணமாகாதவரும்' எண்டு போடு."

"அப்பா, சித்தப்பா கலியாணம் கட்டினவர்தானே. நாங்கள் பதிவுக்குப் போகேல்லை, அவ்வளவுதான்."

"தாலி கட்டினவனே? ஐயர் வந்தவரே? அடி."

அடித்தேன், சித்தப்பா. என் விரல்தான் அடித்தது.

செத்த வீட்டில் மார்ட்டின் கடைசி வரிசையில் இருந்தார். தம்பியோடு வீடு ஷெயார் பண்ணினவர் என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். பிறகு மைக்கைப் பிடித்து அந்த அறிவித்தலை வாசித்தார். அவர் வாசிப்பது உங்களுக்குத் தெரியும்தானே. முன்கூட்டிப் பார்க்கமாட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ரேடியோச் செய்தி போல ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்ததும், ஆருக்கும் சொல்லாமல் கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அறிவித்தலை மார்ட்டின் ஃபிரேம் போட்டு, உங்கள் கதிரைக்கு மேலே மாட்டியிருந்தார்.

அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். என்னிடம் அவரை முதன்முதலாகக் காட்டியபோது, "இவர் என்ர கணவர்" என்றீர்கள். அவரும் நெஞ்சில் கை வைத்து, "கணவர்" என்றார். அன்று ஃபிரேமுக்கு முன்னால் நின்று அவர் கேட்டார்: "உன் அப்பா வாசிக்கும்போது அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுதும்போது வேறு சொல் பாவிப்பீர்களா?"

நான் ஓம் என்றேன். எது என்று கேட்டார். திருமணமாகாதவரும் என்ற சொல்லில் விரலை வைத்தேன். அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. மூன்றாம் தரம் சரியாக வந்ததும் சந்தோசமாகச் சிரித்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றிலிருந்து அப்பாவை நேரே பார்த்துக் கதைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸ் மண்டபத்தில் உங்கள் முதல் வருட நினைவு. கோயில் ஆட்கள், கடைக்காரர், உங்கள் ஒபிஸிலிருந்தும் சிலர் வருகிறார்கள். மார்ட்டினும் வருகிறார். "நினைவு அறிவித்தலுக்குப் போன முறை அடிச்சதையே எடுத்து, திகதியை மாத்தி அனுப்பு" என்று அப்பா சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திகதியை மாற்றினேன். பிறகு அந்தச் சொல்லை அழித்துவிட்டு, 'மார்ட்டினின் அன்புக் கணவரும்' என்று அடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். "ஓகே தங்கச்சி, விடிய அடிக்கிறன்" என்று பதில் வந்துவிட்டது.

அச்சடித்த அறிவித்தல் பெட்டிகள் நேரே மண்டபத்துக்குத்தான் போகும். அப்பா முதலில் வாசிப்பது மைக்குக்கு முன்னால்தான். அவர் வேகத்துக்கு, கண் அந்த வரியைக் கண்டு மூளை விளங்குவதற்குள் வாய் சொல்லிவிடும். தம்பிக்குச் செய்ததை அவருடைய குரலே எல்லோருக்கும் முன்னால் திருத்த வேண்டும். கடைசி வரிசையில் ஒருவர் தனக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்த தமிழ்ச் சொல்லைக் கேட்டுத் தலை நிமிர்வதை அப்பா மேடையில் நின்று பார்க்க வேண்டும். அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்கு இனிக்கிறது. இனிப்பது பிழையென்றால் இருக்கட்டும்.

அதற்கு முதல், நாளைக்கு நான் பார்க்கிங்குக்கு, மார்ட்டினிடம் போக வேண்டும். அந்த ஃபிரேமைக் கழற்றச் சொல்லி, நான் விரல் வைத்த சொல்லின் பொருளைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கோபத்தைவிட அதுதான் பெரிய பயம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. நோர்தேர்ன் லைன் ரயிலில் உங்களுக்கு மட்டும் சொன்னேனே, நானும் உங்களைப் போலத்தான் என்று. என் பையை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, "சரி. பசிக்குதோ?" என்று கேட்டீர்கள். அதுபோல இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா என்னையும் ஒருமாதிரிப் பார்ப்பார். இந்த வீட்டில் அதற்குப் பிறகு எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

ஆனால் எல்லோரும் தலையாட்டும் இடத்தில் நீங்கள் கை தூக்கினீர்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கை ஒன்றுதான். வாசித்து முடித்ததும் அப்பா, "இதை ஆர் எழுதினது?" என்று கேட்பார். மைக் இன்னும் திறந்திருக்கும். நான் கையைத் தூக்குவேன்.

"நான்தான் அப்பா. முந்தினதையும் நான்தான் எழுதினனான். நீங்கள் சொல்லச் சொல்ல."