கேபிளை வெளியே விட்டுக் கட்டு

என் செல்ல வண்டுக்கு,

அம்மா எழுதுவது. நீ முழு உடம்போடும் எல்லாப் பல்லோடும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் வேண்டுதல். இங்கே எல்லோரும் இருக்கிறோம், அப்பா மட்டும் கொஞ்சம் நொண்டுகிறார், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு வேலை. திங்கட்கிழமை உங்கள் பைக் பந்தயப் பயிற்சி முகாமின் சாமான் வேனில் ஒரு பொட்டலம் அனுப்பினேன், உன் வண்டி ஹேண்டில்பாருக்கு நானே தைத்த சிவப்பு ரெக்சின் பேட். அதை மாட்டிவிட்டாய் என்றால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கழற்று. மாட்டவில்லை என்றால் மாட்டாதே. மீதியை அப்புறம் படிக்கலாம், ஓடிப் போய்விடாது.

கழற்றிவிட்டாயா. சரி. உனக்குப் பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்கும் அந்த பேட்தான் காரணம். மேட்டில் குதித்து இறங்கும்போது முகம் குறுக்குக் கம்பியில் இடித்து உதட்டில் தையல் போட்டதை, ஏதோ சட்டை கிழிந்து தைத்த மாதிரி எழுதியிருந்தாய். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம் வேறு. கம்பியில் இருந்த பழைய பேட் பிய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும், பார்க்கலாம் என்று ஒரு வரி. அந்தப் பார்க்கலாம்தான் என்னைப் போட்டு அரித்துவிட்டது. சோபா கம்பெனியில் என் மேஜையில் உட்கார்ந்தால் கண் முழுக்கக் கீழே தையல் பகுதியில் ஒதுக்கிப் போட்டிருந்த ஃபோம் துண்டுகள் மேலேயே. கெட்டியானதாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, கொட்டகையில் நிற்கும் உன் பழைய வண்டியில் அளவெடுத்து இரண்டு தைத்தேன், ஒன்று உனக்கு, இன்னொன்று மாட்டிப் பார்க்க அந்த வண்டிக்கே. அப்பா எட்டிப் பார்த்து, பாப்பாவுக்குத் தொட்டில் மெத்தை தைக்கிறியா, அப்படியே ஒரு கிலுகிலுப்பையும் கட்டிடு என்றார். அத்தைதான் அவரை அடக்கினாள், பேசாம இருடா, இப்ப அவளுக்கு எதையாவது தைக்கணும், ஃபோம் தீர்ந்தா உன்னையும் என்னையும் சேர்த்துத் தைச்சிடுவா என்று.

நான் செய்த தப்பு இதுதான். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, வீட்டில் ஒரு ஒயர் தொங்கினால்கூட எனக்குப் பொறுக்காது, டிவிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்தால்தான் நிம்மதி. வண்டியிலும் கேபிள்கள் தொளதொளவென்று வளைந்து தொங்கின. எல்லாவற்றையும் நேராக இழுத்து பேடுக்குள்ளேயே வைத்துச் சுற்றி, வெல்க்ரோ பட்டையை இறுக்கிவிட்டேன். தள்ளி நின்று பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். போதாதென்று உன் பொட்டலத்துக்குள், கேபிள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும், நன்றாக இறுக்கு என்று ஒரு சீட்டு வேறு. அதைக் கிழித்துப் போடு.

நேற்று அப்பா அந்தப் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசல் கேட்டில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பியதுதான் தாமதம், அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கவே இல்லை, வண்டி தானாகச் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஹேண்டில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு அந்தத் தொளதொளப்பு வேண்டுமாம், நான் கட்டிப்போட்டதில் அது இழுபட்டிருக்கிறது. அவர் ஆஃப் பட்டனைத் தட்டுவதற்குள் வண்டி மதிலில் போய் இடித்து, முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, வீக்கம்தான் என்றார் டாக்டர். அப்பாவோ, மூஞ்சி கம்பியில இடிக்கலடி, அந்த மட்டுக்கும் உன் பேடு நல்லாத்தான் வேலை செஞ்சுது என்கிறார். எனக்கு அந்த மதில் தெரியவில்லை, நீ குதிக்கிற அந்த மேடுதான் தெரிந்தது.

உடனே முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தவிர உங்கள் கையில் போன் இல்லையே. சொல்லிடுறேம்மா என்று உன் பேரைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டார் அந்த ஆள். மறுபடி கூப்பிட்டுப் பேரைச் சொன்னால், அதான் சொல்லிடுறேன்னு சொன்னேன்ல என்கிறார். சொன்னாரா என்று தெரியவில்லை. நாளைக்கு வேன் வரும், இந்தக் கடிதத்தை டிரைவர் கையிலேயே கொடுத்து, உன்னிடம் நேரில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். நானும் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குச் சாமான் வேனில் ஆள் ஏற்ற மாட்டார்களாம்.

பேடைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது இல்லாமலும் ஓட்டாதே. கம்பியை மட்டும் சுற்றிக் கட்டு, கேபிள் எல்லாம் வெளியே தொளதொளவென்றே கிடக்கட்டும். வண்டியை நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய், ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பு, சத்தம் ஏறக் கூடாது. முறுக்கிக் கையை விட்டால் ஆக்ஸிலேட்டர் பட்டென்று திரும்ப வேண்டும். உன் சிநேகிதிகள் சிரித்தால் சிரிக்கட்டும். உதட்டுத் தையலை நாக்கால் தடவாதே. உன் வயதில் எனக்கு இடுப்பில் நீ இருந்தாய், நீயானால் ஆகாயத்தில் இருக்கிறாய். போதும், வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நன்றாக ஓட்டு, நன்றாக இரு. அப்பா, அத்தை, அம்மா மூன்று பேருடைய ஆசியும் உனக்கு உண்டு.

திரும்பி வரும் வேனில் ஒரே ஒரு வரி கொடுத்தனுப்பு. சௌக்கியம், சாப்பிட்டேன் என்றெல்லாம் வேண்டாம். கழற்றிவிட்டேன் என்று மட்டும் எழுது.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா