இரண்டு கறுப்புக் கோடுகள்

கொலோன்
16 அக்டோபர் 1955

அன்பு மகள் அன்னெகிரெட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மரீலேயும் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் புது வீட்டுக்குக் குடிபோய்விடுவோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அது நடக்கப் போவதில்லை. பயப்படாதே, கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது, அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

செப்டம்பரில் நம் பழைய மனையில் இடிபாட்டையெல்லாம் அள்ளி முடித்தோம். டிராம் ஓட்டிவிட்டு நான் வந்ததும் உன் யுப் மாமாவும் வந்துவிடுவார், இருட்டும்வரை இரண்டு பேரும் தோண்டுவோம். நிலவறையின் சுவரும் தரையும் வெடித்துப் போயிருந்தன, அவற்றையும் பெயர்த்து அஸ்திவாரத்தை ஆழமாகப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஓர் ஆள் ஆழம் போனதும் மாமாவின் கடப்பாரை டங்கென்று எதிலோ மோதியது. கையால் மண்ணைத் தள்ளினால் நகத்தளவு கற்களைப் பதித்த தரை, அதில் ஒரு மீன், சிவப்புத் துடுப்போடு, இப்போதுதான் ரைன் ஆற்றிலிருந்து துள்ளி விழுந்தது போல. மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மத்தியாஸ், நீயும் எதையும் பாக்கல, நானும் பாக்கல. வெளிய சொன்னா வேலைய நிறுத்திருவாங்க. சனிக்கிழமை சிமெண்டக் கொட்டிருவோம்” என்றார். அவர் சொன்னதில் தப்பென்ன என்றுதான் எனக்கும் பட்டது. பன்னிரண்டு வருஷமாகத் தோட்டக் குடிசையில் இருக்கிறோம், ஈரத்தில் உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, எந்த முகத்தோடு இன்னொரு குளிர்காலம் பொறுத்துக்கொள் என்று நான் சொல்வது? வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: “கொட்டுங்க. இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் எவனாவது ஒரு ரோமாக்காரன் கிடப்பான். அவனுக்கு ஒரு வீடாவது இருந்துச்சு. எனக்கு எங்க இருக்கு?”

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் சாந்து குழைத்துக்கொண்டிருக்கும்போது பட்டாணி சூப்புத் தூக்கோடு அவளே வந்து நின்றாள். போரில் விமானங்கள் குண்டு போட்ட அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த மனையில் அவள் காலே வைத்ததில்லை, உனக்குத் தெரியும். நீ அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நான் டிப்போவில் மாட்டிக்கொண்டேன், நிலவறைச் சுவரைச் சுத்தியலால் உடைத்து உன்னை அடுத்த வீட்டு நிலவறைக்குள் தள்ளியது அவள்தான். பின்னால் வந்த மாடிவீட்டு எஸ்ஸர் அம்மாள் வெளியே வரவேயில்லை. இப்போது ஏணியில் மெல்ல இறங்கி வந்த உன் அம்மா மீனைக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்தின் மண்சுவரைத்தான் பார்த்தாள். மேலே, தெருமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அது நம் வீடு எரிந்த சாம்பல். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குனிந்தாள். மீன் தரைக்கு ஒட்டினாற்போல் இன்னொரு கறுப்புக் கோடு, அதே கரி, அதே நிறம். நாங்கள் அத்தனை நாளும் அதை மிதித்துக்கொண்டிருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை. “இது யார் வீடு எரிஞ்சது?” என்று கேட்டாள். தூக்கைக் கீழே வைத்தாள், தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள், ஏணியில் ஏறிப் போய்விட்டாள். “அக்கா, சூப் ஆறுது, எங்க போற?” என்று மாமா கத்தியதற்கு, “அந்தச் சாந்த யாராவது கொட்டினீங்க, கையை ஒடிச்சிருவேன்” என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு மணி நேரத்தில் அருங்காட்சியகத்திலிருந்து ஓவராத் என்ற பெண்ணைக் கையோடு கூட்டி வந்தாள். முப்பது வயதிருக்கும், ஆம்பளை பூட்ஸ் போட்டவள், படித்த பெண், ஆனால் மண்ணில் மண்டியிட யோசிக்கவில்லை. கீழே உள்ள கரி அநேகமாக ரோமர்களிடமிருந்து பிராங்கு இனத்தார் ஊரைப் பிடித்தபோது விழுந்தது, ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது என்றாள். கரிக்கு நடுவே இடிந்த ஓடுகள், ஒரு கதவுக் கீல், தானியம் கருகிய பானை எல்லாம் இருந்தன. மூலையில் அந்தக் கரிக்கு மேலேயே ஒரு சின்னச் சுவர் எழும்பியிருந்தது, கோணல் மாணலாக, உடைந்த செங்கல்லை அடுக்கி. “கட்டினது அதே ஆளுங்களா, வந்தவங்களா?” என்று அம்மா கேட்டாள். “அது தெரியாதும்மா. ஆனா எரிஞ்ச வீட்டுக் கல்லயே சுரண்டித் திரும்ப வச்சிருக்காங்க, பழைய சாந்து ஒட்டியிருக்கு பாருங்க” என்றாள் அந்தப் பெண். உன் அம்மா சிரித்தாள், மகளே. நம் இடிபாட்டில் மூவாயிரம் செங்கல்லைக் குடிசை வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் சாந்து தட்டிச் சுத்தம் பண்ணியவள் அவள். “சரியா தட்டல அவங்க. நான் இதைவிட நல்லா தட்டியிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சுவர்மேலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். ஓவராத் அவளை எழுப்பவில்லை.

மீனைப் பலகை வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தை அவர்கள் தோண்டி முடிப்பதற்குள் குளிர் வந்துவிடும், இனி மார்ச்சில்தான் அஸ்திவாரம். குளிர் தீரும்வரை தன் முன்னறையில் இருக்கச் சொல்லி மாமா அழைத்திருக்கிறார், சும்மா அழைப்பாரா, “பேராலயத்தக் கட்டி முடிக்கவே அறுநூறு வருஷம் ஆச்சு, உங்க வீட்டுக்கு என்ன அவசரம்” என்று தினமும் ஒரு குத்தல்.

போன ஞாயிறு பூசை முடிந்து மடக்கு அளவுகோலோடு நான் தனியாகப் பள்ளத்தில் இறங்கினேன். இரண்டு கறுப்புக் கோட்டுக்கும் நடுவில் எத்தனை பேர் வாழ்ந்திருக்கிறார்கள் தெரியுமா, வெள்ளம் விட்டுப்போன மஞ்சள் வண்டல், யாரோ வெட்டிய கிணறு, மாட்டெலும்பு, பீர்ச் சாடித் துண்டுகள், மறுபடி வண்டல், மறுபடி தரை. ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. நம் கறுப்புக் கோட்டின் கனத்தை அளந்தேன். அன்றைக்கு உலகமே முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், அதனால் அது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நான்கு விரல் கனம். கீழே உள்ளதை அளந்தேன், அதுவும் நான்கு விரல். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மத்தியானக் கோயில் மணியடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

மரீலேக்குக் காது மூடும் குல்லாய் போடாமல் வெளியே அனுப்பாதே. அம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போகிறாள், இரண்டு வரியாவது அவள் பெயருக்குத் தனியாக எழுது. ஆண்டவர் உங்கள் மூவரையும், உங்கள் கூரையையும் காப்பாராக.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும் அப்பா,
மத்தியாஸ் ஓடெந்தால்