அக்காவின் வயதில் ஓடிய மூன்று வருடம்

பிப். 3, திங்கள்
வாடைக்காற்று. கடற்கரையில் எட்டு கிலோமீட்டர். இடது குதிகால் வலி. வாங்க: தேங்காய் எண்ணெய், ஷூ லேஸ், வாழைப்பழம்.

மூத்தோர் ஓட்டச் சங்கத்துச் செயலாளர் போன். என் வயது பொய் என்று புகாராம். கொடுத்தது நாசரேத் கிரேஸ் டீச்சர். வேறு யார்? மூன்று வருடம் முன்பு, என் முதல் பந்தயத்தில், எல்லார் முன்னாலும், "தள்ளி நில்லுங்க, மீன் வாடை அடிக்கி" என்றவள். நீலத் தொப்பி போட்டிருந்தாள். அவளுக்கு அறுபத்தைந்து வயதுப் பிரிவு, எனக்கு எழுபது. சேர்ந்து ஓடியதே இல்லை. ஐயாயிரம் மீட்டர், மூன்று வருடமும் என் பிரிவில் தங்கம் எனக்கு. ஐஸ் இல்லாத காலத்தில் மீன் பெட்டியைத் தலையில் வைத்து முதல் பஸ்ஸுக்கு ஓடிய கால்.

கோயிலில் பிறந்த தேதி போட்ட ஞானஸ்நானச் சீட்டு புதிதாக வாங்கி அவள் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும்.

பிப். 5, புதன்
கோயில் உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். விரல் நின்றது. "ஆச்சி, ஒங்க பேரு ரெண்டு இடத்துல கிடக்கு."

அதே அப்பா, அதே அம்மா, அதே சவேரியம்மாள். நான்கு வருட இடைவெளி. முதல் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை. நாற்பது நாள் பிள்ளை. செத்த அக்காவின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா சொன்னதே இல்லை. என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் யாரைக் கூப்பிட்டாள்?

அப்பா பெட்டியில் இருந்தது அக்காவின் சீட்டு. அதைக் காட்டித்தான் ஆதார் எடுத்தேன். எனக்கு எழுபத்துமூன்று இல்லை, அறுபத்தொன்பது. டீச்சர் சொன்னது சரி.

குழம்பில் உப்பு போட மறந்தேன்.

பிப். 6, வியாழன்
பேத்தி ஜெனி ஆதாரே போதும் என்கிறாள், கோயில் புத்தகத்தை யார் பார்க்கப் போகிறார்களாம். வாயை மூடிக்கொண்டால் சனிக்கிழமைப் பந்தயத்தில் நாலாவது தங்கம். எழுபதில் என்னை நெருங்க ஆளில்லை.

மே மாதம் எனக்கு நிஜமாகவே எழுபது. டீச்சரோடு ஓட வேண்டுமென்றால் இந்த ஒரு தடவைதான்.

பிப். 7, வெள்ளி
தூத்துக்குடி. செயலாளர் மேசையில் என் சொந்தச் சீட்டையும் மூன்று பதக்கத்தையும் வைத்தேன். தெரியாமல் நடந்ததுதானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாவதாக வந்த ஏரல் அம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னேன். "நாளைக்கு என்னை டீச்சர் பிரிவுல போடுங்க."

பஸ்ஸில் கழுத்து லேசாக இருந்தது. அழுகையும் வந்தது.

பிப். 8, சனி
வெயில். பன்னிரண்டரைச் சுற்று. பத்து வரை அவள் முதுகுதான். பதினொன்றில் தாண்டினேன். கடைசி வளைவில் மறுபடி அவள். இரண்டு எட்டு வித்தியாசத்தில் தோற்றேன். வெள்ளி.

முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள். நான் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அவளே வந்தாள். மன்னிப்பு கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை.

"எழுவது வயசுக்காரி இந்த வேகத்துல ஓட முடியாது. அதான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எப்ப எழுவது ஆவுது?"

"மே."

"ஏப்ரல்ல மதுரையில ஒண்ணு இருக்கு."

வீடு வந்ததும் ஜெனியை விட்டு மதுரைக்குப் பெயர் கொடுத்தாயிற்று.