கட்டுமரத்திலிருந்து தாவிய பெண்

அன்புத் தோழி,

இன்று காலை காசிமேடு வழியாக வந்தபோது ஈரக் கயிற்றின் வாசனை அடித்தது. உப்பும் மீனும் கலந்த அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் எத்தனையோ காலமாகியும், உன்னோடு பேச எனக்கு இது போதுமாக இருக்கிறது.

ராயபுரத்தில் நம் பெண்கள் பள்ளியில் நீ விஞ்ஞான ஆசிரியை, நான் தமிழ் ஆசிரியை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு விசையும் வேகமும் எதுக்கு? அடுத்த வருஷம் அந்த நேரத்துக்குத் தையல் வெச்சிடலாம்" என்றார் தலைமையாசிரியை. நீ வாதாடவில்லை. "ஒரே ஒரு வகுப்பு, கடற்கரையில. நீங்களும் வந்து பாருங்க டீச்சர். அப்புறம் உங்க இஷ்டம்" என்று மட்டும் கேட்டாய். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாய்.

கரையில் கிடந்த படகொன்றைப் பிள்ளைகளை இழுக்கச் சொன்னாய். அசையவில்லை. மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, வெறும் மணல்ல இஸ்தா வருமா? அடியில கட்டைய போடு." உருளைக் கட்டைகளை அவரே கொண்டுவந்து போட்டார். படகு நகர்ந்தது. "இவ்வளவு நேரம் மணல் பிடிச்சு வெச்சிருந்துச்சே, அதுதான் உராய்வு விசை" என்றாய். கயிற்றை விட்ட பிறகும் படகு கொஞ்சதூரம் தானாக உருண்டது. பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே!

தலைமையாசிரியை வந்து சேர்ந்த நேரம் பார்த்து அது நடந்தது. அலையடங்கிய ஓரத்தில் மிதந்த சின்னக் கட்டுமரத்தில் ஏறியிருந்த நம் மாணவி, வண்ணாரப்பேட்டை பாய் வீட்டுப் பெண், கரைக்குத் தாவினாள். கட்டுமரம் பின்னால் ஓட, அவள் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தாள். உன் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மீன்கார அம்மா அவளைத் தூக்கி நிறுத்தித் துண்டால் போர்த்தினார். "பயப்படாத கண்ணு, முட்டித் தண்ணிதான் கீது."

"எப்படி விழுந்தே?" தலைமையாசிரியை அதட்டினார். நீ பதிலை அவளிடமே விட்டாய். அவள்தான் நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "நான் அதைப் பின்னால தள்ளினேன் டீச்சர், அது என்னை முன்னால தள்ளிச்சு. அது லேசு, அதான் ஓடிப்போச்சு."

தலைமையாசிரியை கட்டுமரத்தையே பார்த்தார். "அப்போ பெரிய படகுன்னா உன்னைத் தள்ளாதா?"

"அதுவும் தள்ளும் டீச்சர். நான் தள்ற அளவுக்கே தள்ளும். ஆனா அது கனம், அவ்வளவா நகராது."

அன்று மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நம்மோடு தலைமையாசிரியையும் வந்தார். "உங்க பொண்ணு விழுந்துட்டா. ஆனா ஏன் விழுந்தோம்னு அவளே சொன்னா" என்று அவள் தகப்பனாரிடம் சொன்னபோது தலைமையாசிரியையின் முகத்தில் இருந்தது பெருமைதான். உன் வகுப்பு நிலைத்தது. தையல் வேறு நேரத்துக்குப் போனது.

பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். உன் வகுப்பு என் தலையில் வந்தது. எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "தெரியலன்னா தெரியலன்னு பிள்ளைங்ககிட்டயே சொல்லு. அப்புறம் அவங்களோட சேர்ந்து பாரு" என்றாய். நீ திரும்பி வரவில்லை. நான் போய் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று அதைத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, பெஞ்சுகளை விட்டு எழுந்து என்னைச் சுற்றி வந்து நின்றார்கள்.

ஓய்வு பெறும்வரை அப்படித்தான் பாடம் நடத்தினேன். தெரியாது என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை, தோழி. அந்த வெட்கத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவள் நீ.