அவள் ஆடிய கதை விளையாட்டு

என்னங்க,

உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நம் பெண் தோழிகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுவாளே, அப்படி மற்றவர்கள் ஆடுவதைப் போனில் கேட்கலாமாம். அவள் கண்ணை மூடி ஏழு மாதம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இங்கே லாண்டரி வேலையில் என்னோடு இஸ்திரி போடுகிறவளிடம் நல்லதாக ஒன்று கேட்டேன்.

"புதுசா கேக்குறவங்க நீளமானதுல கைய வைக்காதீங்கக்கா, தலை சுத்திரும். நாலே பேர் ஆடுற சின்னது ஒண்ணு இருக்கு, சிரிச்சே வயிறு புண்ணாயிரும்" என்று என் போனில் வைத்துக் கொடுத்தாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், அதில் ஒருத்தி ஆடிய வீராங்கனை கதையில் செத்துப்போனாள். எல்லோரும் அழுதார்கள். அடுத்த பாகத்தில் ஆடுகிறவள் வேறு பெயரில், வேறு ஆளாக வந்து உட்கார்ந்து கேலி பேசுகிறாள். கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு விரிப்பு கருகிவிட்டது. சூப்பர்வைசர் திட்டினார், அவ்வளவுதான்.

"வேலவெட்டி இல்லாததுங்க பண்ற கூத்து" என்றீர்கள், அவள் ஆடப் போகும்போதெல்லாம். நானும் போனில் ஆமாம் போட்டேன். என்ன கதை என்று ஒரு நாளாவது கேட்டோமா?

அவள் அந்தக் கதையை எழுதிவைத்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இரண்டு நைட்டியோடு சேர்த்து அனுப்புங்கள். அவள் தோழிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல், அவள் ஆடிய ஆளைக் கதையில் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அந்த ஆளைக் கொன்றிருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மனைவி